நாலு கோடு சிக்னலும் மூலை வீட்டு பூஸ்டரும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மார்ச் முடிகிற வரைக்கும் பேங்க்கில் ஆணி அதிகம், இயர் எண்டிங் என்றால் என்னவென்று பேங்க்கில் வாக்கப்பட்ட வீட்டம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். அது முடிந்ததும் ஏப்ரலில் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய் வந்தேன். ஊர் என்றால் எனக்கு ஸ்ரீராம்புரம்தான். தாத்தா திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பின்னி மில் வேலைக்கு பெங்களூர் வந்தவர். மில் போனது, தாத்தா போனார், வீடு மட்டும் அதே கிராஸில் இருக்கிறது, அதில் அம்மா இருக்கிறார். நான் பிழைப்புக்காக 1,500 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகும். இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதே கதைதான் என்று தெரியும்.

இந்தப் பதிவு கொஞ்சம் கோபமான பதிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. எனக்கு போன் போட்டிருக்கிறார். போகவில்லை. அக்காவுக்குப் போட்டிருக்கிறார். போகவில்லை. 108-க்குப் போட்டிருக்கிறார். அதுவும் போகவில்லை. "நாலு கோடு முழுசா இருந்துச்சுடா கண்ணு, ஆனா கூப்பிடுது கூப்பிடுதுன்னு காட்டி கட் ஆயிடுது" என்று அடுத்த நாள் சொன்னார். கடைசியில் சுவரைத் தட்டி, பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து, மெயின் ரோடு வரைக்கும் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். இப்போது அம்மா நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

நாலு கோடு இருக்கிறது, பேச்சு போகவில்லை. இது எப்படி?

லீவில் போனபோது இதே வேலையாகத் திரிந்தேன். தெருவில் விசாரித்தால் எல்லோரும் ஒரே பதில்: "தீபாவளியிலேர்ந்து இப்படித்தான்ணா." காய்கறி வண்டிக்காரர், யூபிஐ பெட்டி காசு வந்ததைச் சொல்லாமல் ஊமையாக நிற்பதால் கஸ்டமரோடு தினம் சண்டை என்றார். மூலையில் மூணு மாடி வீடு. மொட்டை மாடியில் ஒரு வெள்ளை ஆன்டெனா, அதிலிருந்து ஒரு ஒயர் கீழே இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே போகிறது. போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷர், காபி கொடுத்து, பெருமையாகவே காட்டினார். பையன் நீட் பரீட்சைக்கு ஆன்லைனில் படிக்கிறானாம், வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று சில ஆயிரம் கொடுத்து ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். "இப்ப எங்க வீட்ல எல்லா ரூம்லயும் ஃபுல் சிக்னல் சார்!"

அரை மணி நேரம் அதை அணைத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அணைத்தார். அம்மா வீட்டிலிருந்து போன் போட்டேன், முதல் தடவையே போனது. காய்கறி வண்டிப் பெட்டி வாய் திறந்தது. மறுபடி போட்டார், மறுபடி எல்லாம் ஊமை.

நான் பி.காம். ரேடியோ அலை பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு பொருளை நூறு பேர் பங்கு போடுவது என்றால் அது என் தொழில். நெட்வொர்க்கும் அதுதான். ஒரு டவருக்கு இவ்வளவு அலைவரிசை என்று கணக்கு. அந்த வட்டத்துக்குள் இருக்கிற அத்தனை போனும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறது. போனில் தெரிகிற கோடு, டவரின் குரல் உங்கள் போனுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். உங்கள் குரல் டவருக்குக் கேட்கிறதா, கேட்டாலும் உங்கள் முறை எப்போது வரும் என்பதை அது சொல்லாது. பேங்க் வாசலில் போர்டு பளிச்சென்று தெரிவதற்கும் உள்ளே டோக்கன் நகர்வதற்கும் என்ன சம்பந்தம்?

பூஸ்டர் என்ன செய்கிறது? டவரிலிருந்து வருவதைப் பெருக்கி வீட்டுக்குள் விடுகிறது. அதில் கொஞ்சம் தெருவிலும் சிந்தும், அதனால்தான் அம்மா போனில் நாலு கோடு. கூடவே வீட்டிலிருந்து போவதையும் பெருக்கி டவர் பக்கம் தள்ளுகிறது. மலிவு பூஸ்டருக்கு எது பேச்சு எது இரைச்சல் என்று தெரியாது. யாரும் பேசாத நேரத்திலும் வெறும் இரைச்சலைப் பெருக்கி டவரின் காதில் ஊதிக்கொண்டே இருக்கும். மாடி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் கிட்டக்கிட்ட இருந்தால் இன்னும் மோசம். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கை நீட்டினால் ஊய்ய்ய் என்று ஒரு சத்தம் வருமே, அதே கதை. அந்தச் சத்தத்தில் ஐம்பது வீட்டு போன் மெதுவாகக் கூப்பிடுவது டவருக்கு எப்படிக் கேட்கும்? என் அம்மா கூப்பிட்டது கேட்காமல் போனது இப்படித்தான்.

இது சட்டப்படியும் தப்பு. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது என்பது 1933-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. மொபைல் பூஸ்டரை உரிமம் இல்லாதவர்கள் விற்பதும், வைத்திருப்பதும், மாட்டுவதும் குற்றம் என்று தொலைத்தொடர்புத் துறை பல தடவை அறிவித்திருக்கிறது, ரெய்டும் நடத்தியிருக்கிறது. மூலை வீட்டுக்காரருக்கு இது தெரியாது. விற்றவன் பில் போட்டுத்தான் கொடுத்திருக்கிறான்.

நிற்க. இங்கேதான் என் அக்கா பையன் உள்ளே வந்தான். இன்ஜினியரிங் மூணாவது வருஷம்.

"மாமா, பூஸ்டர் தப்புதான். ஆனா நடுவுல ரிலே வைக்கிறது தப்பில்ல. மல்டிஹாப் செல்லுலார்னு எங்களுக்குப் பாடமே இருக்கு. ஒரு போன் இன்னொரு போனுக்குத் தரும், அது டவருக்குத் தரும். கெபாசிட்டி ஏறும். தெருவுக்கு நாலு ரிலே வச்சா முடிஞ்சது மேட்டர்."

விடுவேனா? அவன் புத்தகத்தையே வாங்கிப் படித்தேன் (பாதி புரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன்). விஷயம் உண்மைதான். 2000-இல் தைவானைச் சேர்ந்த யிங்-டார் லின், யூ-சிங் ஷூ என்ற இருவர் இந்த யோசனையை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். எல்லா போனும் நேராக டவருக்குக் கத்துவதற்குப் பதில், சின்னக் குரலில் பக்கத்து போனிடம் சொல்ல, அது அடுத்ததிடம் சொல்ல, தாவித் தாவி டவருக்குப் போகட்டும் என்று. சென்னை ஐஐடியில் சி. சிவராம மூர்த்தியும் பி.எஸ். மனோஜும் இதில் நிறைய வேலை செய்தார்கள். 2004-இல் வந்த அவர்களுடைய தடித்த புத்தகம்தான் பையன் கையில் இருந்தது. அதில் எனக்குப் பிடித்த இடம், அடுத்தவன் பேச்சை என் போன் சுமந்தால் என் பேட்டரிக்கு யார் காசு தருவது என்ற கேள்விக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருந்ததுதான். இன்ஜினியர்களுக்கும் வட்டி, கமிஷன் எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் பையன் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கிறான். நடுவில் நிற்கிற ரிலே முதலில் கேட்க வேண்டும், அப்புறம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே அலைவரிசை என்றால் பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடும். ஒரே கவுண்டர் உள்ள கிளையில், சலானை வாங்கி கேஷியரிடம் கொடுக்க நடுவில் ஒரு ஆளைப் போட்டு, அவரும் அதே ஜன்னல் வழியாகத்தான் கை நீட்ட வேண்டும் என்றால் க்யூ குறையுமா, கூடுமா?

கணக்காகவே பார்ப்போம். எண்கள் என் கற்பனை, விகிதம்தான் முக்கியம். டவருக்கு ரொம்ப தூரத்தில் ஒரு கிராமம். நேராகப் பேசினால் 2 எம்பி வேகம். நடுவில் ரிலே வைத்தால் தூரம் பாதி, ஒவ்வொரு தாவலும் 12 எம்பி. பாதி நேரம் இது பாதி நேரம் அது என்பதால் கைக்கு வருவது 6. மூணு மடங்கு லாபம், ரிலே வாழ்க! இப்போது ஸ்ரீராம்புரம். டவர் ஏற்கெனவே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. நேராகவே 40 கிடைக்கும் என்று வையுங்கள். ரிலே வழியாகப் போனால் தாவலுக்கு 50, இரண்டு தாவல், கைக்கு 25. நஷ்டம் 15. அதுவும் என் நஷ்டம் மட்டுமில்லை, ரிலே வாங்கித் திருப்பிச் சொல்கிற நேரம் முழுக்க தெருவே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

தூரம் ஒரு வியாதி, நெரிசல் வேறு வியாதி. இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

தூரத்துக்கு ரிலே நன்றாக வேலை செய்யும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 1990-களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்று ஒரு வயர்லெஸ் போன் ஏற்பாடு செய்தார்கள். நேராகப் பத்து கிலோமீட்டர், நடுவில் ரிலே வைத்தால் 25 கிலோமீட்டர் வரை. மேலூர் பக்கத்துக் கிராமங்களில் 2001 வாக்கில் இன்டர்நெட் கியாஸ்க் வந்தது இந்தத் தொழில்நுட்பத்தில்தான். பரந்த வயல்வெளி, கொஞ்சம் பேர், இடையில் கட்டடம் இல்லை. அங்கே அது தெய்வம். அதே தெய்வத்தைக் கொண்டுவந்து, சுவருக்குச் சுவர் ஒட்டி, மாடிக்கு மேல் மாடியாகக் கட்டிய எங்கள் கிராஸில் வைத்தால் வரம் தருமா?

நெரிசலுக்கான கணக்கையும் நம்ம ஆள் ஒருவர்தான் போட்டார். சென்னை ஐஐடியில் 1973-இல் படித்து முடித்து அமெரிக்கா போன பி.ஆர். குமார், பியூஷ் குப்தாவோடு சேர்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டவரும் ஒயரும் இல்லாமல் ஆளுக்கு ஆள் தாவித் தாவியே நடக்கிற நெட்வொர்க்கில், ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவர் பங்கும் குறைந்துகொண்டே போகும் என்று கணிதத்தில் நிரூபித்தார்கள். ஆட்கள் நாலு மடங்கானால் தலைக்குக் கிடைப்பது பாதிக்கும் கீழே போய்விடும். காரணம் எளிது: என்னுடைய நேரத்தில் பெரும்பகுதி அடுத்தவன் பேச்சைச் சுமப்பதிலேயே கழிகிறது. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகளாக இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதுதான் கெபாசிட்டியைக் கூட்டும்? செல்லைச் சின்னதாக்குவதுதான். 1973-இல் நியூயார்க் தெருவில் முதல் கைபேசியில் பேசிய மார்ட்டின் கூப்பர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பல பத்தாண்டுகளில் வயர்லெஸ்ஸின் கொள்ளளவு பல லட்சம் மடங்கு ஏறியதில் பெரும்பங்கு, ஒரே அலைவரிசையைச் சின்னச் சின்ன வட்டங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வந்தது என்று. அதாவது ஒரு கவுண்டரில் ஆயிரம் பேர் நிற்பதை விட, பத்து கவுண்டர் திறப்பது. ஆனால் ஒவ்வொரு கவுண்டருக்கும் தனியாகப் பணப்பெட்டி வேண்டும். அந்தப் பணப்பெட்டிதான் ஃபைபர். காற்றிலேயே வாங்கி காற்றிலேயே திருப்பிவிடாமல், காற்றில் வாங்கியதைக் கண்ணாடி இழையில் அனுப்பிவிடுகிற சின்னப் பெட்டி. ஸ்மால் செல் என்கிறார்கள்.

பையன் விடவில்லை. "மாமா, 5ஜி-லயே ரிலே இருக்கு, 2020-ல ஸ்டாண்டர்டே வந்துடுச்சு." வந்தது, வாஸ்தவம். ஆனால் அது முக்கியமாக அலைவரிசை தாராளமாக இருக்கிற உயர் அதிர்வெண்களை மனதில் வைத்துச் செய்தது, ஃபைபர் இன்னும் போய்ச் சேராத இடத்துக்குக் கைத்தடி மாதிரி. கைத்தடியே கால் ஆகாது.

சரி, எனக்குக் கோபம் யார் மேல்? மூலை வீட்டுக்காரர் மேல் கொஞ்சம்தான். அவரை பூஸ்டர் வாங்க வைத்தவர்கள் மேல்தான் அதிகம்.

முதலில் நாமேதான். சில வருஷம் முன்பு எங்கள் பக்கத்து கிராஸில் ஒரு கட்டடத்தின் மேல் டவர் வைக்க வந்தபோது, கதிர்வீச்சு, கேன்சர், கருச்சிதைவு என்று நோட்டீஸ் அடித்துத் துரத்தினோம். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர்களில் என் குடும்பமும் உண்டு, அதை மறைக்கவில்லை. 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியாவில் டவர் கதிர்வீச்சு வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. எந்த டவர் வரம்புக்குள் இருக்கிறது என்று மக்கள் பார்க்க 2017-இல் தரங் சஞ்சார் என்று ஒரு தளமும் திறந்தார்கள். நாம் யாரும் பார்க்கவில்லை. இன்னொன்றையும் யோசிக்கவில்லை: டவர் தூரமாகப் போனால் நம் காதில் ஒட்டி வைத்திருக்கிற போன் இன்னும் உரக்கக் கத்தும். மொட்டை மாடியில் இருந்த சனியனைத் துரத்தி, கன்னத்தில் ஒட்டவைத்துக்கொண்ட கதை.

அடுத்தது கம்பெனிகளும் அரசாங்கமும். 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் மிஷன், 70 சதவீத டவர்களுக்கு ஃபைபர் என்று இலக்கு வைத்தது. 2024 வந்து போய்விட்டது, இலக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஃபைபர் போகாத டவர், மைக்ரோவேவ் தட்டு வழியாக அடுத்த டவருக்குத் தாவி, அங்கிருந்து அதற்கடுத்ததற்குத் தாவிப் போகிறது. அக்கா பையன் கேட்ட மல்டிஹாப் ஏற்கெனவே தலைக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பாவம் அவனுக்குத் தெரியவில்லை.

சின்னப் பெட்டியை எங்கே மாட்டுவது என்பதற்கும் பதில் உண்டு. 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். தெருவிளக்குக் கம்பம் மாதிரி உள்ளதில் ஸ்மால் செல் மாட்ட, நகரத்தில் ஒரு கம்பத்துக்கு வருஷத்துக்கு 300 ரூபாய், கிராமத்தில் 150 என்று கட்டணம் வைத்தார்கள். மாதம் இல்லை சாமி, வருஷம்! ஒரு பேங்க் லாக்கரின் வாடகைகூட அதைவிட அதிகம். அதே வருஷம் ட்ராய் நாலு இடத்தில் சோதனை செய்து பார்த்தது: போபால், டெல்லி விமான நிலையம், காண்ட்லா துறைமுகம், அப்புறம்... நம்ம பெங்களூர் மெட்ரோ. நவம்பரில் பரிந்துரையும் கொடுத்தது.

அந்த மெட்ரோவின் பச்சை லைன் 2014 மார்ச்சிலிருந்து ஸ்ரீராம்புரம் வழியாகத்தான் ஓடுகிறது. ஸ்டேஷனே இருக்கிறது. தூணுக்குத் தூண் சில பத்து மீட்டர், மின்சாரம் கையெட்டும் தூரத்தில். கடவுளே இறங்கி வந்து ஸ்மால் செல்லுக்கு இடம் பார்த்துக் கொடுத்தால்கூட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சம்பிகே ரோடு வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன் (ஒரு ஸ்கூட்டர்காரரிடம் திட்டு வாங்கினேன்). ஒரு தூணிலும் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. எங்கள் கிராஸ் அங்கிருந்து நடந்தால் நாலு நிமிஷம்.

ஸ்ரீராம்புரம் மாதிரி இடத்தில் கேட்க ஆள் இல்லை என்பதுதான் விஷயம். ஐடி பார்க்கில் நெட்வொர்க் ஐந்து நிமிஷம் போனால் பேப்பரில் வரும். இங்கே பூ விற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், மில் பென்ஷன்காரரின் விதவை இவர்களுடைய ஓடிபி பத்து நிமிஷம் கழித்து வந்தால் யாருக்கு என்ன? கேட்டால் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார்கள். பேங்க் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வராதே, எல்லாம் போனிலேயே செய் என்று நாங்கள்தான் அவர்களைத் துரத்தினோம். துரத்திவிட்ட இடத்தில் போன் வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை.

ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீட்டில் ஃபைபர் பிராட்பேண்ட் இருந்தால், அவர்கள் போனில் வைஃபை காலிங் என்பதை ஆன் செய்துவிடுங்கள். 2019 டிசம்பரிலிருந்து இந்தியாவில் இருக்கிறது, போனும் சிம்மும் ஒத்துழைத்தால் தனிக் காசு இல்லை. பேச்சு காற்றில் பத்தடி போய் ராவுட்டரில் ஏறி ஃபைபரில் போய்விடும். ஒரே தாவல். பூஸ்டருக்குக் கொடுக்கிற காசில் ராவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கி வையுங்கள், கரண்ட் போனாலும் பேச்சு நிற்காது. அம்மா வீட்டில் போட்டுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் பாஸ்வேர்ட் கொடுத்திருக்கிறேன்.

மூலை வீட்டுக்காரரிடம் கிளம்புகிற அன்று மறுபடி போனேன். வைஃபை காலிங் போட்டுக் காட்டினேன், சட்டத்தைச் சொன்னேன், அம்மாவுக்கு ஜனவரியில் நடந்ததையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பையன் பரீட்சை முடியற வரைக்கும் டைம் கொடுங்க சார். ராத்திரி பத்து மணிக்கு மேல அணைச்சு வெச்சிடறேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். இப்போது தினமும் ராத்திரி பத்தே காலுக்கு, வைஃபையை அணைத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடும்படி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று மூணாவது தடவையில்தான் வந்தது.

டிஸ்கி: நல்ல பூஸ்டர் எங்கே கிடைக்கும் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். போன தடவை இன்வெர்ட்டர் பற்றி எழுதியபோது நாற்பது பேர் கடை விலாசம் கேட்டீர்கள்.